பல் டாக்டர் வீட்டு ஸ்பிரிங் ரோல்

ரோல் அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, மாடி வீடு கீழ் வீடு என்ற பேதமில்லாமல் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தெருவில் பார்ட்டி என்றால் அவள் கை ஸ்பிரிங் ரோலும் மோமோவும் இருக்க வேண்டும். பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்கும் ஒரு பட்டம் உண்டு: 'நல்லாருக்கு'. கல்யாணமான புதிதில், விருந்தாளிகள் முன்னால் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று வாயை விட்டுவிட்டார். மாதக்கணக்கில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டு மட்டும் டங்கென்று வந்து விழுமாம். மனுஷனுக்கு அன்றே ஞானம் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் நல்லாருக்குதான்.

இது தெரு முழுக்கத் தெரிந்த கதை. தெருவுக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சமைக்கிறவளுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று தெரிந்தால் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. கையளவு, கண்ணளவு என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

எதிர் வரிசைப் பல் டாக்டரம்மா, புது கிளினிக் திறந்ததற்குப் பார்ட்டி வைத்தாள். அக்கா கோஸையும் கேரட்டையும் மெலிசாக நறுக்கி வதக்கி, சோயா சாஸ் ஊற்றி, உப்பைக் கையில் அள்ளிய நேரம் பார்த்து டாக்டரம்மா போன் அடித்தாள்.

"அக்கா, கார சாஸ் தனியா குடுத்துருங்க. வயசானவங்க வர்றாங்க."

பேசிவிட்டுத் திரும்பினால் கையில் உப்பு இல்லை. சட்டியில் போட்டாளா, டப்பாவிலேயே திரும்பக் கொட்டினாளா? ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். ஈரத்துணியை மென்றது போலிருந்தது. போடவில்லை என்று முடிவுகட்டி உப்பைப் போட்டாள். போட்ட பிறகும் சந்தேகம் தீராமல் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இதக் கொஞ்சம் வாயில போட்டுச் சொல்லுங்க."

அவர் பேப்பரை மடித்துவிட்டு வந்தார். மென்றார். விழுங்கத்தான் சற்று நேரம் பிடித்தது. பிறகு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"உப்பு?"

"நல்லாருக்கு."

"நிஜமா சொல்லுங்க. டாக்டர் வீட்டுக்குப் போறது."

"அதான் சொல்றேனேம்மா, நல்லாருக்கு."

அந்த வார்த்தையை நம்பி, ஓரத்தில் மைதாப் பசை தடவித் தடவி எல்லாவற்றையும் சுருட்டினாள். பொரித்தாள். தட்டுகளை அவளே கொண்டுபோய் வைத்துவிட்டு, டாக்டர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு கண்ணாடிக்காரர் கடித்தார், நின்றார், சுற்றுமுற்றும் பார்த்து டிஷ்யூ பேப்பரில் பொதிந்து பூந்தொட்டிக்குப் பின்னால் சொருகினார். பக்கத்திலிருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, எடுத்ததைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். தண்ணீர் ஜாடியைச் சுற்றிக் கூட்டம்.

டாக்டரம்மா உள்ளே வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அக்கா, ருசி பாத்தீங்களா, இல்லையா?"

இல்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா கொண்டாந்தீங்க?"

அக்கா காலித் தட்டு எதையாவது எடுத்துக்கொண்டு கிளம்பலாமென்று பார்த்தாள். ஒரு தட்டும் காலியாகவில்லை.

வீட்டில் அவர், பொரிக்கும்போது உடைந்துபோன ரோல்களை ஒன்று விடாமல் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சொம்பு.

"கடல் தண்ணி மாதிரி உப்பாமே. ஏங்க சொல்லல?"

"நீ ருசி பாத்திருப்பேன்னு நெனச்சேன். வெளிநாட்டு ஐட்டம், இப்படித்தான் இருக்கும் போலன்னு…"

"எனக்கு ருசி தெரியலைங்க. காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணும் தெரியல."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவள் போனை எடுத்து, அடுத்த வாரம் ஆர்டர் கொடுத்திருந்த வீட்டுக்கு "முடியாதுங்க, வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொன்னாள். அவர் தடுக்கவில்லை. சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"காலைல நான் போட்டுக் குடுக்குற டீ? தெனமும் பிரமாதம்னு சொல்லுவியே."

"சூடா இருக்கும். அது மட்டும் தெரியும்" என்றாள்.