முதலாளி சீட்

ஒன்பது வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன். அதை நிறைவேற்ற முப்பத்தொன்பது வருடம் ஆயிற்று. என்னைப் பிடிவாதக்காரி என்று என் தம்பி சொல்வதில் பெரிய தவறில்லை.

முடிவு இதுதான். பெரிய வண்டி ஒன்றில், பின்னால், ஜன்னலோரச் சீட்டில் என் அப்பாவை உட்கார வைக்க வேண்டும். ஓட்டுவது நானாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை வருடமா என்று கேட்டால், வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து கேளுங்கள் என்பேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளி வண்டிகளை மாற்றினாலும் ரகத்தை மாற்றவில்லை. எப்போதும் ஆளுயரத்துக்கு நிற்கும், எட்டுப் பேர் தாராளமாக உட்காரும், கதவைச் சாத்தினால் உலகத்துச் சத்தமெல்லாம் வெளியே நின்றுவிடும் பெரிய வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைக் கழுவுவார். கழுவி முடித்தபின் பிரேக்கில் தங்கிய ஈரம் காய்வதற்காக, கொஞ்ச தூரம் ஓட்டி, அங்கங்கே மெதுவாகப் பிரேக்கை மிதித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு எங்களையும் ஏற்றிக்கொள்ள முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். கொடுத்திருந்தார் என்று அப்பா சொன்னார். நாங்கள் யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டு அம்மா மடியில் வைத்துக்கொள்வாள். சீட்டின் மேல் எங்கள் வீட்டுப் போர்வையை விரிக்க வேண்டும். போர்வையின் மேலும் நுனியில்தான் உட்கார வேண்டும். கைகள் மடியில். கண்ணாடியைத் தொட்டால் ரேகை விழும், அதனால் பார்க்கலாம், தொடக்கூடாது. தம்பிக்கு அப்போது நான்கு வயது. ஆள் அத்தனை சிறிசு என்பதால் பொடி என்று பெயர். இன்று ஆறடி இரண்டங்குலம் இருக்கிறான், பெயர் மட்டும் வளரவில்லை. பொடிக்கு மூக்கைத் தொடக்கூடாது என்று தனிச் சட்டமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், முதலாளி சீட்டில் யாரும் உட்காரக்கூடாது என்பது. நடு வரிசையில் ஒரு ஜன்னலோரம். அது காலியாகவே வரும். நானும் பொடியும் இந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டு, இல்லாத ஒரு மனிதருக்கு மரியாதை கொடுத்தபடி ஊரைச் சுற்றுவோம். எத்தனை சந்தோஷமான இருபது நிமிடங்கள் அவை! கடைத்தெரு, பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உயரத்தில் இருந்து பார்க்கும்போது வேறு ஊர் மாதிரி இருக்கும். அம்மா முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவாள். அந்த வாசனை, ஈரமும் தோலும் கலந்த வாசனை, இப்போதும் எங்காவது அடித்தால் நின்று ஒரு தடவை முகராமல் நகர மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், "அப்பா, நீங்க கூட அதுல உக்காந்ததில்லையா?" அப்பா சிரித்தார். "அதுல எனக்கு என்னம்மா வேலை?" என்றார். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது.

இப்போது நான் ஆஸ்பத்திரிகளுக்குப் போர்வையும் தலையணை உறையும் வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கூடம் நடத்துகிறேன். ஆறு மெஷின், பதினான்கு பேர். புது வண்டிக்கு வசதி இல்லை, பழையதுக்கு உண்டு. அம்மா போய் மூன்று வருடமாயிற்று. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. "படி ஏற வேண்டிய வேலையெல்லாம் இந்த வருஷத்தோட முடிச்சுக்கங்க" என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அந்த உயரமான வண்டிதான் ஞாபகம் வந்தது. அதில் ஏறுவது மாடிப்படி ஏறுகிற மாதிரி. இன்னும் தள்ளிப்போட்டால் வண்டி இருக்கும், ஏறக் கால் இருக்காது.

பொடி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, நீயும் அப்பாவும்தான் வீட்டுல. எட்டு சீட்டு எதுக்கு? யானையைக் கட்டித் தீனி போடப் போறியா?"

"யானை மேல ஏறணும்னு ஆசை வந்தா ஆட்டையா வாங்குவாங்க?" என்றேன். அத்தோடு அவனும் சனிக்கிழமைகளில் எங்களோடு வண்டி பார்க்க வர ஆரம்பித்தான்.

எதற்காக வாங்குகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. "வண்டி பாத்துக் குடுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச்சு, ஒரு வெள்ளைத் துணி. முதல் கடையில் ஒரு கறுப்பு வண்டி. நான் மயங்கி நிற்கும்போது அப்பா பின் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து, கடைசி முழத்தை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் மஞ்சளாகச் சேறு. "வெள்ளத்துல முங்கின வண்டிம்மா. மேல எல்லாம் துடைச்சுட்டாங்க, பெல்ட்டை இழுத்துத் துடைக்க மறந்துட்டாங்க" என்றார். இரண்டாவது கடையில் மீட்டர் நாற்பதாயிரம் காட்டியது. அப்பா குனிந்து பெடலைப் பார்த்தார். ரப்பர் மழமழவென்று தேய்ந்து கிடந்தது. "மீட்டரைக் குறைக்கலாம். மிதிச்ச காலைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். கடைக்காரர் எங்களுக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாவது கடையில்தான் அந்த வெள்ளை வண்டி நின்றது. விற்பவருக்கு ஐம்பது வயது இருக்கும், கனத்த உடம்பு, கழுத்தில் டை. அப்பா பெல்ட்டை இழுத்தார், கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தார், கதவு விளிம்புகளை விரலால் தடவினார். அரைமணி நேரம் கழித்து, "வண்டி சுத்தமா இருக்கு" என்றார். அப்பாவிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு பொடியின் கல்யாணத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை.

"உள்ள உக்காந்து பாருங்க" என்று டைக்காரர் கதவுகளைத் திறந்தார்.

ஏறி உட்கார்ந்தோம். டைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வண்டிக்கு வெளியே சிமெண்டுத் தரையில் மூன்று ஜோடிச் செருப்பு, வரிசையாக. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று பேரும் கழற்றியிருக்கிறோம். அதுமட்டுமில்லை, மூன்று பேரும் சீட்டின் நுனியில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். மீசை நரைத்த பொடி, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான்.

"செருப்போடயே உக்காரலாம் சார், இது ஷோரூம் வண்டிதான்" என்றார் டைக்காரர்.

பொடிதான் முதலில் சிரித்தான். பிறகு நான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது எந்தத் தண்ணீர் என்று நான் ஆராயவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்கச் சாவி வாங்கினேன். டைக்காரர் முன்னால் ஏறினார். பொடி கடைசி வரிசையின் இடவசதியைச் சோதிக்கிறேன் என்று போய் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கினான். அப்பா வெளியே நின்றார்.

"அப்பா, நீங்க இங்க உக்காருங்க" என்று அந்த ஜன்னலோரத்தைக் காட்டினேன்.

"நான் பொடி பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"அங்க போக உங்களால குனிய முடியாது. இங்க உக்காருங்க."

"அது..." என்று இழுத்தார். "அதுல எனக்கு என்னம்மா வேலை?"

அதே சொல். முப்பத்தொன்பது வருடம் கழித்து அதே சொல். எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. கடை வாசலில் நின்று கத்தினேன். "வேலை என்ன வேலை? சும்மா உக்காரத்தான்! முப்பத்தொரு வருஷம் ஓட்டுனீங்கல்ல? அதுல நீங்க உக்காரணும்னுதான் இந்த வண்டியே வாங்கறேன். உங்களுக்காகத்தான். உங்க கால் நல்லா இருக்கும்போதே உக்காருங்கப்பா!"

டைக்காரர் அவசரமாகத் தன் போனை எடுத்துப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து, ஒரு முழங்காலை ஏற்றி, மூச்சு வாங்கி, மறு முழங்காலை ஏற்றி, முதலாளி சீட்டில் உட்கார்ந்தார். கதவை நானே சாத்தினேன். அவர் எத்தனை ஆயிரம் தடவை சாத்தியிருப்பாரோ, அதே மாதிரி சத்தமில்லாமல்.

ஓட்ட ஆரம்பித்தேன். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது என்று சும்மா சொல்வார்களே, எனக்கு நிஜமாகவே நெஞ்சுக்குள் இடம் போதவில்லை. அம்மா இருந்திருந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்திருப்பாள். கடைத்தெரு வந்தது. முதல் சிக்னலில் நின்றேன். அப்பா அசையாமல் இருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார், "எங்கம்மா வந்திருக்கோம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னப்பா, நீங்க ஓட்டாத ரோடா இது?"

"தெரியலம்மா. கண்ணாடி கறுப்பா இருக்கு. முன்சீட்டு பீரோ மாதிரி மறைக்குது. சத்தமும் கேக்கல." சிறிது நேரம் கழித்து, "உன் தலை பின்பக்கம்தான் தெரியுது" என்றார்.

பிறகு அவர் பேசியது எங்களிடமா, தனக்குத்தானா என்று எனக்கு விளங்கவில்லை.

"முதலாளியும் இப்படித்தான் கேப்பாரு. அவரு வீட்டம்மா போனதுக்கப்புறம் ஒரு வருஷம், வண்டில ஏறினா இதே கேள்விதான். 'எங்க வந்திருக்கோம்?' நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம். நான் வேற ரோட்டுல போய் பெட்ரோல் திருடறேன்னு சந்தேகப்படறாருன்னு நினைச்சேன். 'வந்துட்டோம் சார்'னு மட்டும் சொல்லுவேன், மூஞ்சியைத் திருப்பாம. ஒருநாள் ஒம்பது தரம் கேட்டாரு. எண்ணிக்கிட்டே வந்தேன். மறுநாள் சாவியைக் குடுத்துட்டேன்."

அப்பா ஏன் வேலையை விட்டார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. வயதாகிவிட்டது, விட்டுவிட்டார் என்றுதான் இருந்தோம்.

"சந்தேகம் இல்லம்மா அது," என்றார். "பேச ஆளில்ல அவருக்கு. இங்க இருந்து கேக்க வேற என்ன இருக்கு?"

முதலாளி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வயசுக்காரி ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அப்பாவுக்குக் கொடுத்த பரிசு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

"அப்பா, இறங்கிடறீங்களா?"

"முன்னாடி வரேன். முப்பத்தொரு வருஷம் ஒரு மனுஷனுக்கு முதுகைக் காட்டிட்டேன். நீ எனக்குக் காட்டாத."

ஓரமாக நிறுத்தினேன். டைக்காரர் இறங்கி, கைகொடுத்து அப்பாவை இறக்கி, முன்னால் ஏற்றி, தான் பின்னால் போய் அதே ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தார். அப்பா என் பக்கத்தில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். வண்டியை வாங்குவது என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. பேரம் பேசுகிற தெம்புதான் என்னிடம் இல்லை, அது பொடியின் பாடு.

திரும்பிக் கடைக்கு ஓட்டினேன். சிறிது தூரம்தான் போயிருப்போம். அப்பா கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, பின்னால் இருந்தவரைப் பார்த்தார்.

"இப்பப் பாலத்து மேல ஏறப்போறோம் சார்" என்றார்.

"ஆமா சார்" என்றார் டைக்காரர். தினமும் போய்வரும் பாலம் அவருக்கு.

"பாலம் தாண்டிட்டோம். வலப்பக்கம் தண்ணித் தொட்டி."

"சரிங்க சார்."

"இந்தச் சிக்னல்ல கொஞ்சம் நேரமாகும். அவசரம் ஒண்ணும் இல்ல, நீங்க சாஞ்சு உக்காருங்க."

டைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும், சாய்ந்து உட்கார்ந்தார். பச்சை விழுந்தது. நான் எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். கடை வாசல் வரும்வரை அப்பா ஒவ்வொரு தெருவையும் விடாமல், முகத்தைத் திருப்பி, அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.