குறி போட்ட டயர்

"டேமேஜ் டயரை எங்கண்ணன் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"அம்மிணி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கடைக்கு வர்றவங்க என்னமோ ஏதோன்னு நெனைச்சுக்குவாங்க."

"நெனைக்கட்டும்ங்க! சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கறீங்க, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

நல்லூரில் கருப்புசாமியின் டயர் கடைக்கு நேர் எதிரே என் வீடு. ஊர்வம்பு நமக்கெதற்கு என்று சன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன். கொக்கி துருப்பிடித்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வாசலுக்கே வந்துவிட்டேன்.

கத்தியவள் மருதாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாளெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் துணியைப் புரட்டி ஓட்டையும் கறையும் தேடுவாள். கண்ட இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு ஓரமாக எறிவாள். பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் எறிந்தாள்.

அவள் அண்ணன் கன்னையனிடம் இருந்தது, பழைய புல்லட்டின் பின்பாதியைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரமும் ஒரு தட்டும் பொருத்திய மூணு சக்கர வண்டி. துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு ஏற்றிப்போவான். சண்டைக்கு முந்தின வாரம் வண்டி உதறிய உதறலில் ஒரு ரோல் சாக்கடையில் குளித்தது. கம்பெனி முதலாளி அலாவுதீன் பாய் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பார்க்கறேன் தம்பி. ஆடாம ஓடுச்சுன்னா லோடு உனக்கு. இல்லாட்டி வேனுக்கு" என்றார். லோடு போனால் கன்னையனுக்குப் பேசியிருந்த ராமாயியும் போய்விடுவாள். பெண்ணின் அப்பன் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆகவே மூன்று சக்கரத்துக்கும் புது டயர்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இந்தச் சண்டை. டயரை மாட்டியபின் கருப்புசாமி சக்கரத்தை அச்சில் தொங்கவிட்டுச் சுற்றுவான். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அங்கே ஒரு குறி. எதிர்ப்பக்கத்துக் கம்பியில் ஈயத்தைச் சுற்றினால் சக்கரம் சமமாகிவிடும். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் வந்த மருதாள், குறி கண்டதெல்லாம் டேமேஜ் என்று மூன்றையும் உருட்டிப்போய்க் கழித்த டயர்க் குவியலோடு சேர்த்துவிட்டாள்!

"அது கனம் எங்கிருக்குதுன்னு போட்ட குறிங்க அம்மிணி" என்றான் கருப்புசாமி, அழமாட்டாத குறையாக.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"நீங்க எங்கீங்க வாயைத் தொறக்க உட்டீங்க?"

கன்னையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மணி மூன்றே கால். கருப்புசாமி குவியலிலிருந்து மூன்றையும் மீட்டு வந்து மளமளவென்று ஈயம் சுற்றினான். இரண்டு சக்கரங்கள் சமமாகிவிட்டன. மூன்றாவது மட்டும், எவ்வளவு ஈயம் வைத்தும், நொண்டிக்கொண்டே சுற்றியது. மருதாள் குனிந்து பார்த்தாள். கம்பெனியில் பார்ப்பாளே, அதே பார்வை.

"இங்க பாருங்க. ரிம்மை ஒட்டி ஒரு கோடு ஓடுது. சுத்திலும் வெளிய தெரியுது, இந்த எடத்துல மட்டும் உள்ள போயிருச்சு. தையல் ஏறி எறங்கின மாதிரி."

கருப்புசாமி உற்றுப் பார்த்தான். டயர் அந்த இடத்தில் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்தான். 'டப்' என்று ஒரு சத்தம். கோடு நேராகிவிட்டது, சக்கரமும் நொண்டாமல் சுற்றியது.

"நீங்க இங்கயே வேலைக்கு வந்துருங்க" என்றான்.

"வாய் பேசாம வேலையப் பாருங்க" என்றாள் மருதாள். முகம் ஏன் சிவந்தது என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மயிலாத்தாளிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

நாலு மணிக்கு வந்த பாய், தட்டில் ரோல்களை ஏற்றச் சொல்லி, அவற்றின் மேல் தானும் ஏறி உட்கார்ந்தார். கன்னையன் தெருக்கோடி வரை ஓட்டித் திரும்பினான். பாயின் தொப்பிகூட நகரவில்லை.

"லோடு உனக்குத்தான்" என்று சொல்லி இறங்கினார்.

ஆவணியில் ராமாயி கன்னையன் வீட்டுக்கு வந்தாள். தையில் மருதாள் கருப்புசாமியைக் கட்டிக்கொண்டு மண்ணரை என்ற ஊருக்குக் குடிபோனாள். கடையும் கூடவே போயிற்று. இப்போது எதிரே ஒரு தையல் யூனிட். அங்கே மிஷின்தான் சத்தம் போடுகிறது, மனிதர்கள் போடுவதில்லை.