கனமான பானை கொடுத்த கம்பெனி

அது எந்த வருஷத்துப் பங்குதாரர் கூட்டம் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக ஒரு ஞாபகம், பெய்யாமலும் இருந்திருக்கலாம். பானை மட்டும் சந்தேகமில்லாமல் நிற்கிறது.

சின்ஜு நகரில், சிப் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம், பாவ்-ஜூ காலைச் சிற்றுண்டிக் கடை நடத்தினாள். வாடகைக் கடை. உரிமையாளர் அதை விற்கப்போவதாகச் சொல்லி, வருஷக் கடைசிவரை அவளுக்கு அவகாசம் கொடுத்திருந்தார். வாங்குவதற்கான பணம் முழுவதும் லுங்யுவானின் பங்குகளில் இருந்தது. கைபேசியை அலைக்கோபுரத்தோடு பேசவைக்கும் சிப் செய்கிற கம்பெனி அது. அதன் சரக்கில் பெரும்பகுதியை வாங்கியது, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு ராட்சசக் கைபேசிக் கம்பெனி.

"அக்கா, அந்தக் கைபேசிக்காரனுங்க சொந்தமாவே சிப் பண்றாங்களாம். இப்பவே வித்துடு," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் தங்கை பாவ்-லின்.

"பல வருஷமா பண்றாங்க. இன்னும் பண்ணி முடிச்ச பாடில்ல."

"முடிச்சிட்டா?"

"பானையப் பாத்துட்டுப் பேசுடி."

வருஷாவருஷம் கூட்டத்துக்கு வரும் பங்குதாரர்களுக்குக் கம்பெனிகள் ஏதாவது பரிசு கொடுக்கும். அதற்காகவே பாதி ஊர் வரிசையில் நிற்கும். பாவ்-ஜூ கணக்கறிக்கையைப் படிப்பதில்லை, பரிசைத்தான் படிப்பாள். ஒருமுறை ஒரு கம்பெனி பாத்திரம் தேய்க்கும் நார் கொடுத்தது. அன்றே விற்றாள். சில மாதங்களில் அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. அதன்பிறகு கோயிலில் இருந்த செல்வக் கடவுளுக்குக்கூட அவளிடம் இரண்டாம் இடம்தான்.

லுங்யுவான் வழக்கமாகக் குடை கொடுக்கும். இம்முறை கொடுத்தது தடித்த அடியுள்ள எவர்சில்வர் பானை.

"இந்தக் கனத்துல பானை குடுக்கிறவன் மூழ்கப்போறானா?"

"கனமா இருந்தா மூழ்கத்தான் செய்யும், அக்கா."

இலையுதிர் காலத்தில் ராட்சசக் கம்பெனி புதிய கைபேசியை மேடையில் காட்டியது. உள்ளே அவர்களுடைய சொந்தச் சிப். லுங்யுவான் பங்கு தினமும் விழுந்தது. விற்க ஊரே நின்றது, வாங்க ஆளில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை, லுங்யுவானின் கொள்முதல் பிரிவில் இருந்த யென்-சியாங் வழக்கம்போல முட்டைச் சுருள் வாங்க வந்தான். அடுப்பில் சோயாப்பால் காய்ந்துகொண்டிருந்த பானையைப் பார்த்தான்.

"இந்தப் பானை நான் வாங்கினது, அக்கா."

"நல்ல பானை."

"உங்களுக்குன்னு வாங்கல. அந்தக் கைபேசிக் கம்பெனியோட பெரிய ஆர்டர் மறுபடி கிடைச்சா, போன வருஷக் கடைசி விருந்துல எங்க ஆளுங்களுக்குக் குடுக்க வாங்கினது. ஆர்டர் வரல. அப்படியே குடோன்ல கெடந்துச்சு. பங்குதாரருங்க தலையில கட்டுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"அப்ப விருந்துல ஒங்களுக்கு என்னதான் குடுத்தாங்க?"

"பாத்திரம் தேய்க்கிற நார்."

பாவ்-ஜூ கரண்டியைக் கீழே வைத்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"தினம் வந்து திங்குறியே, இத முன்னாடியே சொல்ல ஒனக்கு வாய் வரலையா?"

"நீங்க ஒரு முட்டையா ரெண்டு முட்டையான்னுதானேக்கா கேட்டீங்க."

மிச்சமிருந்த விலைக்குப் பங்குகளைப் பாவ்-ஜூ குளிர்காலத்தில் விற்றாள். கடையைப் பால்தேநீர் விற்பவர்கள் வாங்கினார்கள். அவள் எதிரே தள்ளுவண்டி போட்டாள். பாவ்-லின் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. யென்-சியாங் ராட்சசக் கம்பெனியின் உள்ளூர் அலுவலகத்தில் சேர்ந்தான். இப்போது இரண்டு முட்டை கேட்கிறான். லுங்யுவான் கார்களுக்குச் சிப் செய்கிறது. அடுத்த வருஷம் குடை கொடுத்தது. பானை இன்னும் அடிப்பிடிக்கவில்லை.