வயரைக் கழட்டியாச்சா

“பாட்ரி புதுசு அங்கிள், இப்பத்தான் கடையிலேர்ந்து—”

“புதுசுன்றதாலதான்டா சொல்றேன், இது அண்ணன் சவுண்டே இல்ல—”

“வர்ற சவுண்டுல வாசிங்க. மூணு மணிக்கு எடுக்கணும். இல்லாங்காட்டி போன்ல போட்டுடலாம், நைனா வாசிச்ச வீடியோ கீது.”

“போன்லயா? உங்கப்பன் எழுந்து வந்து என்னிய ஒதைப்பாரு!”

ஷாமியானாவுக்கடியில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெயவேலு, மூக்கில் பஞ்சோடு, மகன் தீனாவும் நண்பன் ஜோஸ்வினும் போட்ட சண்டையில் தலையிடாமல் படுத்திருந்தார்.

தலைமாட்டில் கங்கையம்மாள். பம்மலிலிருந்து வண்டலூர் வரை கல்யாணக் கச்சேரிகளில் நாற்பது வருடம் கிட்டார் வாசித்த மனிதர் அவள் புருஷன். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, காலால் மிதிக்கிற ஒரு பழைய இரும்புப் பெடல். சோற்று டப்பா அளவுதான். மிதித்தால் கிட்டார் உறுமும், விம்மும். ‘என்னை எடுக்கிற அன்னைக்கு அதுல ஒரு பாட்டு வாசிடா’ என்று ஜோஸ்வினிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். காலையில் தீனா அதைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்தபோது பேச்சுமூச்சில்லை. ஓடிப்போய்ப் புதுச் சதுர பேட்டரி வாங்கிப் போட்டான். வாலை மிதித்த பூனை மாதிரி கத்தியது.

“உள்ள இருந்த பாட்ரி எப்டிடா காலியாச்சி?” ஜோஸ்வின் விடவில்லை. “வாசிச்சு முடிச்சதும் மொத வேலையா பெடல்லேர்ந்து வயர புடுங்கிடுவாரே. சொருவியே வுட்டா வாசிக்காதப்பவும் பாட்ரிய குடிச்சிக்கினே கீதுன்னு என்னிய எத்தினி தபா திட்டியிருப்பாரு!”

“வயரு சொருவித்தான் இருந்துச்சி அங்கிள்.”

மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த கங்கையம்மாளின் கை நின்றது.

இருபத்து மூன்று நாளைக்கு முன், கட்டிலில் உட்கார்ந்து வாசித்தவர், தலை சுற்றுகிறது என்று சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

“கங்கா, வயர கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சி, கம்முனு தூங்கு.”

அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். கட்டிலுக்கடியில் குனிய முட்டி விட்டுக்கொடுப்பதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவர் அதை நம்பித் தூங்கிப்போவார். நேற்றும் கேட்டார். நேற்றும் அதே பதில்தான்.

அவள் பெட்டியைப் பிடித்து எழுந்தாள். “தீனா, பீரோ மேல பிஸ்கோத்து டப்பா கீது பாரு, எடுத்தா.”

“அதுல எல்லாம் தீந்துபோன பாட்ரிம்மா.”

“உனுக்குத் தெரியுமா? இப்ப வர்ற பாட்ரிக்கு வேகம் ஜாஸ்தின்னு உங்கப்பா மொதல்ல கோயில் மைக்குக்குக் குடுப்பாரு. பாதி ஓடினப்புறம் வாங்கியாந்துதான் இதுல போடுவாரு. அப்பத்தான் அது பாடுமாம்.”

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் இரண்டு குமிழையும் நாக்கு நுனியில் வைத்தாள். அவர் இப்படி நக்கிச் சார்ஜ் பார்க்கும்போதெல்லாம், “இன்னாய்யா அது, குல்ஃபியா?” என்று நாற்பது வருடம் ஏசியவள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுரீரென்றது. மூன்றாவது, பழம்புளியைத் தொட்டாற்போல லேசாக.

“இது.”

ஜோஸ்வின் அதைப் பெடலில் போட்டு மிதித்தான். கச்சேரி முடிந்து விடியற்காலையில் வந்து கதவைத் தட்டும் ஜெயவேலுவின் குரல் போல, கரகரவென்று, இதமாக எழுந்தது. நடுவில் விமானம் ஒன்று தாழப் பறந்து இரண்டு வரியை விழுங்கியது. ஜோஸ்வின் அந்த இரண்டு வரியையும் திரும்ப வாசித்தான். தீனா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

“சங்கு ஊதுப்பா, நேரமாச்சி.”

தோள் கொடுக்க ஜோஸ்வின் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். பெடல் தரையிலேயே கிடந்தது. கங்கையம்மாள் பெட்டி வைத்த பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியை மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதையும். வயரை இழுத்தாள். ‘டக்’கென்று வந்தது.

கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டார்கள். அவள் எழுந்து அவர் காதருகே குனிந்தாள்.

“கழட்டிட்டேன்யா. இந்தத் தபா நெஜமாவே கழட்டிட்டேன்.”