நடுவில் நின்ற வண்டி

தீவின் தலைநகரான போர்லூயியில் ஒரு மோட்டார் கடையின் பின்முற்றத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. விநாயகம் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றின் பெட்ரோல் தொட்டியைத் தட்டினார். இன்னொன்றின் சக்கரத்தைக் காலால் உதைத்தார். உதைத்த கால் வலித்திருக்கும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை சைக்கிள்கூட மிதித்தறியாத மனுஷர் என்னத்தைக் கண்டு தட்டுகிறார், என்னத்தைக் கண்டு உதைக்கிறார்? குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்ற அவர் மனைவி அலமேலுவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்த்துவருகிற கூத்துத்தானே!

தீவின் வடக்கே, குட்லண்ட்ஸுக்குப் பக்கத்துக் கிராமத்தில் விநாயகத்துக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். கரும்பைவிடப் பெரிதாக அவர் வளர்த்தது தலைக்கனத்தை. போன வருஷம் முனிசாமியைத் தோற்கடித்துக் கோயில் சபைக்குத் தலைவரானார். அன்றிலிருந்து ஊர் அவரை ‘பிரெசிதான்’ என்று கூப்பிடுகிறது. யாராவது மறந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. தலைவருக்கு ஒரு வண்டி வேண்டாமா? அது அவருடைய கவலை.

அலமேலுவின் கவலை வேறு. ஒரே மகள் சிவகாமியைத் தீவின் அந்தக் கோடியில், பிளேன் மாக்னியனில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது எட்டாம் மாசம். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ‘ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போம்மா, பயமா இருக்கு’ என்று பெண் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். ரயிலேறினால் போர்லூயியில் மாறி, மலையேறி இறங்கிப் போய்ச் சேர இருட்டிவிடும். அழைக்காத சம்பந்தி வீட்டில் ராத்தங்க முடியாது. தங்கினால் அதற்கொரு பேச்சு வரும், அந்தப் பேச்சை மகள்தான் தின்ன வேண்டும். விநாயகமோ அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வீராப்பில் இருந்தார். காரணம் கேட்டால் வெட்கக்கேடு. கல்யாணத்தன்று அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடவில்லையாம்! “பையைத் தூக்கிட்டு ரயில்ல போய் அவன் வாசல்ல நிக்கச் சொல்றியா? சொந்த வண்டியில போய் எறங்குறேன், அப்பப் பாரு” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அலமேலு கடைவரைக்கும் வந்திருந்தாள். காலையில் கிளம்பி மகளைப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் வீடு திரும்ப வேண்டும். அதற்கு எந்த வண்டி தோது? அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

கடைக்காரன் எட்மோன் கிரியோல் மொழியில் விளக்கிக்கொண்டிருந்தான். இடதுபுறம் நின்றது எட்டுக் குதிரை சக்தி. பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டில் மாதிரி ஒன்றை ஒட்டவைத்திருந்தார்கள். கரும்புக்காட்டுப் பாதையில் அது நுழையவே நுழையாது. வலதுபுறம் நின்றது ஒல்லியாக, ஒரு ஆள் ஏறினாலே முனகும் போலிருந்தது. நடுவில் நின்றது மூன்றரைக் குதிரை. கனமுமில்லை, நோஞ்சானுமில்லை. முன்னால் அகலமான தோல் இருக்கை, அடியில் தடித்த சுருள் வில்கள். பின்னாலும் ஒரு மெத்தை இருக்கை, அதற்கும் வில். தார் ரோட்டில் தீவு முழுக்கச் சுற்றலாம், கரும்புப் பாதையிலும் இறக்கலாம், முதுகு நோகாது என்றான் எட்மோன். அலமேலு குடையைச் சுவரில் சாய்த்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடு வண்டியின் பின் இருக்கையில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மெத்தை கொஞ்சம் அமுங்கி அவளைத் தாங்கிக்கொண்டது. கால் வைக்க இடமிருந்தது. பிளேன் மாக்னியனுக்கு மூன்று மணி நேரமென்ன, ஆறு மணி நேரம் உட்காரலாம்.

“இது நல்லா இருக்குங்க” என்றாள்.

“எறங்கு, எறங்கு! ஊரே பாக்குது. நர்சம்மா ஓட்டுற வண்டியாட்டம் இருக்கு, இதப் போய் நல்லா இருக்குங்கிறா” என்றார் விநாயகம். பார்த்தது எட்மோனும் ஒரு பூனையும்தான். அதற்குப் பிறகு அவர் தொட்டில் வண்டியைப் பற்றி எட்மோனைக் கேட்டார், வாசலில் போன கூலியாளைக் கேட்டார், அடுத்த கடை முதலாளியையும் கூப்பிட்டுக் கேட்டார். ஏறி உட்கார்ந்து பார்த்த ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டாயிற்று. கடைசியில் எட்மோன் ஆளை அளந்துவிட்டு மெல்லச் சொன்னான்: “மிசே, எஸ்டேட் வெள்ளைக்கார டாக்டர்கூட இந்த நடு வண்டிதான் வாங்கிட்டுப் போனாரு.”

விநாயகம் திரும்பினார். “நான்தான் மொதல்லேயே சொன்னேனே, இதுதான்னு” என்றார். அடப்பாவி மனுஷா!

பக்கத்து வீட்டு ரோஸின் புருஷன் ஃப்ரான்சிஸ் எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவன். கரும்பு அரைவை இல்லாத மாசம், லாரி சும்மா நின்றது. அவன்தான் வண்டியை ஊருக்கு ஓட்டிவந்தான், பிரெசிதானுக்குப் பழக்கியும் விட்டான். அவர் இரண்டு தடவை கரும்புக்குள் போய் விழுந்தார். கரும்பு ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார். எப்படியோ பத்து நாளில் விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டார். அலமேலு பிளேன் மாக்னியனுக்கு ஒரு பை கட்டிவைத்தாள். முறுக்கு, ஊறுகாய், பிள்ளைக்குச் சுற்றப் பழைய வெள்ளைத் துணி. “கோயில்ல பூசை போடாத வண்டியிலயா சம்பந்தி வீட்டுக்குப் போறது? தைப்பூசக் கொடி ஏறட்டும்” என்றார் விநாயகம்.

கொடியேற்ற நாளும் வந்தது. காவடி எடுக்கிற விநாயகத்துக்கும், கூட விரதம் இருக்கிற அலமேலுவுக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியானதும் வண்டியைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில், பூசணிக்காய் பூசாரி கையில். பிரெசிதான் வேட்டியை மடித்துக்கொண்டு ஏறப்போன நேரத்தில் முனிசாமி முன்னால் வந்தான். குனிந்தான். இருக்கையை மோந்து பார்த்தான். ஒரு வருஷமாக இதற்காகத்தானே காத்திருந்தான்!

“தலைவரே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது என்ன தோலு?”

பூசாரி பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டார். “மாட்டுத்தோலுங்களே” என்றான் முனிசாமி, பாவம் போல. “காப்புக் கட்டின கையோட, முருகன் வாசல்ல...”

விநாயகத்தின் முகம் வெளுத்தது. எதிரே தவில்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அலமேலு சொன்னாள்: “தவில்ல கட்டியிருக்கிறது மட்டும் வாழையிலையா?” சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். புருஷன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அதற்கு மூளை வேண்டும், அல்லது பெண்டாட்டி சொன்னதைக் கேட்கிற காது வேண்டும். அவர் ஃப்ரான்சிஸிடம் ஸ்பானரை வாங்கி இரண்டு இருக்கையையும் தானே கழற்றி, கோயில் மதிலுக்கு அப்பால் புதருக்குள் வீசினார். முன்பக்கத்துக்கு ஒரு பலகையை அறைந்து அதன்மேல் மஞ்சள் துணி சுற்றச் சொன்னார்.

“பின்னாடி, மிசே?” என்று கேட்டான் ஃப்ரான்சிஸ்.

“பின்னாடி யாரு ஒக்காரப் போறா? ஒண்ணும் வேணாம்.”

அலமேலு வண்டியின் வெறும் பின்பக்கத்தைப் பார்த்தாள். மகள் பேரைச் சொல்லி வாங்கின வண்டி. இந்த ஆள் அதை மறந்துகூடப் போகவில்லை, மறப்பதற்கு முதலில் நினைப்பிலாவது இருந்திருக்க வேண்டும்.

மகளைப் பார்க்க எப்போது போவது என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “காப்புக் கட்டினா ஊர் எல்லை தாண்டப்படாது, தெரியாதா ஒனக்கு? வெரதம் முடியட்டும்” என்றார். ஆனால் குட்லண்ட்ஸ் கடைத்தெருவுக்குத் தினமும் ஒரு நடை போய்வந்தார். அது எல்லைக்குள்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பலகையில் குலுங்கிக் குலுங்கிப் போய்விட்டு வந்து, இறங்கிக் காலை அகட்டி வைத்து நடப்பார். சாயந்திரம் தண்ணீர்த் தொட்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். எது வலிக்கிறது என்று அலமேலு கேட்கவில்லை. அந்த இரண்டு இருக்கையையும் ரோஸ் புதரிலிருந்து எடுத்துவந்து வீட்டில் போட்டிருந்தாள். பட்டாணி உரிக்கும்போது ஒன்றில் உட்காருவாள். “இவ்வளவு நல்ல மெத்தையை எந்தப் பைத்தியக்காரன் வீசுவான்?” என்று வேலிக்கு மேலாகக் கேட்டாள். அலமேலு துவைத்த துணியை உதறிக் காயப்போட்டாள்.

காவடி நாளன்று விநாயகம் விடியுமுன்பே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். அலமேலு அடுப்படியில் விரதம் முடிக்கிற ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறின நேரத்தில் தபால்காரன் ஒரு தந்தியைக் கொண்டுவந்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையிலிருந்த பூசணிக்காயோடு ரோஸ் வீட்டுக்கு ஓடினாள்.

ரோஸ் படித்தாள். “நேத்து ராத்திரியிலேருந்து வலியாம். நிலைமை சரியில்லையாம். அம்மாவை உடனே அனுப்புங்கன்னு போட்டிருக்கு.”

எட்டாம் மாசம்கூட இன்னும் முடியவில்லையே! அந்த வீட்டார் தந்தி அடிக்கிற ஆட்களே அல்ல. அடித்திருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அலமேலு நினைத்துப் பார்க்கவில்லை, நினைத்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரியும். காலை ரயில் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தால் ராத்திரிதான். பூசணிக்காயை ரோஸின் மேசையில் வைத்தாள்.

“ஃப்ரான்சிஸ், அந்த இருக்கையை மாட்டு” என்றாள்.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். “மதாம், பிரெசிதான் என்னைக் கொன்னுடுவாரு.”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ மாட்டு.”

கொட்டகையில் வண்டி மாலையோடு நின்றது. ஃப்ரான்சிஸ் மஞ்சள் துணியை அவிழ்த்துப் பலகையைப் பெயர்த்தான். இருக்கைகளை முடுக்க ஐந்து நிமிஷமாயிற்று. அந்த ஐந்து நிமிஷமும் அலமேலு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கையில் காப்பு இருந்தது. அவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதற்கு அவிழ்க்க வேண்டும்? பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகிறவள் எதில் உட்கார்ந்து வருகிறாள் என்று மோந்து பார்க்க முருகன் என்ன முனிசாமியா? ஏறி உட்கார்ந்தாள். அந்நிய ஆம்பிளை முதுகுக்குப் பின்னால் இதுவரை உட்கார்ந்ததில்லை. இருக்கை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் தூரத்தில் மேளம் கேட்டது. ஃப்ரான்சிஸ் வேகத்தைக் குறைத்தான்.

“மதாம், ஊர்வலம் வருது. கரும்புப் பாதையில எறக்கிடட்டா? ரிவியேர் டு ராம்பார் வழியாச் சுத்திப் போயிடலாம். யாரும் பாக்கமாட்டாங்க.”

“எவ்வளவு நேரம் கூட ஆகும்?”

“முக்கால் மணி.”

“நேராப் போ. நான் என்ன திருடிட்டா போறேன்?”

ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் பிரெசிதான். எல்லாரையும்விடப் பெரிய காவடி, இரண்டு பக்கமும் பால் செம்பு. கன்னத்தில் வேல். நீட்டின நாக்கிலும் குறுக்காக ஒரு வெள்ளி வேல். வண்டியைப் பார்த்ததும் அவர் நின்றார். பின்னால் மொத்தக் கூட்டமும் நின்றது, மேளமும் நின்றது.

முனிசாமிதான் முதலில் கத்தினான். “அம்மா! காப்புக் கட்டின கையோட தோலு மேல! இது என்ன அநியாயம்!”

“சிவகாமிக்கு வலி எடுத்திருக்கு” என்றாள் அலமேலு. “தந்தி வந்துது. வழி விடுங்க.”

அதை அவள் முனிசாமிக்குச் சொல்லவில்லை. வேல் குத்திய அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பேச முடியாது, சரி. கண் இருக்கிறதே! எப்படி இருக்கிறாள் என்று கண்ணால் கேட்கலாம். போ என்று கண்ணால் சொல்லலாம். இத்தனை வருஷமும் வாய் ஓயாத மனுஷர், இன்றைக்காவது அந்தக் கண்ணில் ஏதாவது தெரியுமா என்று அவள் பார்த்தாள். அந்த நேரத்தில்கூட எதையோ எதிர்பார்த்தாளே என்று பிற்பாடு தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

விநாயகத்தின் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கி இருக்கையைப் பார்த்தது. அப்புறம் முனிசாமியைப் பார்த்தது. அப்புறம் இடதுபுறமும் வலதுபுறமும் போய், யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணியது.

“போ, ஃப்ரான்சிஸ்” என்றாள் அலமேலு.

தவில்காரர்கள் முதலில் ஒதுங்கினார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி கையிலிருந்த திருநீற்றை அள்ளி அலமேலுவின் நெற்றியில் அவசரமாக அப்பினாள். பிரெசிதான் மட்டும் ரோட்டு நடுவே அசையாமல் நின்றார். ஃப்ரான்சிஸ் வண்டியை அவருக்கும் கரும்புக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைத்தான். காவடியின் ஓரம் அவள் தோளில் உரசியது. செம்பு தளும்பி, பால் கொஞ்சம் அவள் மடியிலிருந்த பைமேல் கொட்டியது. பிள்ளைக்கு வைத்திருந்த துணி நனையாமல் பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

ஊர்வலத்தின் வால் கடந்ததும் ஃப்ரான்சிஸ் வேகத்தைக் கூட்டினான். அலமேலு இருக்கை விளிம்பை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தாள். பின்னால் மேளம் மறுபடி தொடங்கியது, கொஞ்ச தூரத்தில் அதுவும் கேட்காமல் போயிற்று. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவே வெயிலில் வெறிச்சோடிக் கிடந்த ரோடு. பிளேன் மாக்னியனுக்கு இன்னும் நாற்பது மைல் இருந்தது.