சிவானந்தம் வெட்டிய அசேலியா

லோரி ஓட்டும் சிவானந்தம் கேமரன் மலைக்கு உரமூட்டை இறக்கப் போனபோது, மனைவி புஷ்பவள்ளிக்கென்று ஓர் அசேலியாப் பூச்செடி வாங்கி வந்தான். தொட்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டும் மாட்டியிருந்தான். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு, புக்கிட் பெருந்துங்கில் அவர்கள் குடியிருந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆனால் சுவரோரம் நட்ட செடி மூன்றே மாதத்தில் இலை மஞ்சளாகி வெளுத்தது. வள்ளி மண்ணைத் தோண்டினாள். வீடு கட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன சிமெண்டுக் கட்டிகள் கூடை கூடையாக வந்தன. அவ்வளவையும் பொறுக்கி எறிந்துவிட்டு, காலை வெயில் மட்டும் படும் மூலையில் புது மண் கொட்டி மாற்றி நட்டாள். பைப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். ரவாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாலும், கைப்பையைக் கீழே வைக்குமுன் செடியிடம்தான் போவாள்.

இரண்டாம் வருடம் தை பிறந்ததும் கிளை நுனிகள் தடித்தன.

"இந்த மாசியில பூத்திரும்ங்க" என்றாள்.

லோரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த சிவானந்தம் 'ம்' கொட்டினான்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவனுக்கு லீவு. வீட்டைச் சுத்தம் செய்து அவளை அசத்த நினைத்தான். புல் வெட்டினான், கால்வாய் கழுவினான். செடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருப்பதாகத் தோன்றவே, கத்தரியை எடுத்துப் பந்து மாதிரி வெட்டிவிட்டான்.

சாயங்காலம் தொழிற்சாலை வேனிலிருந்து இறங்கிய வள்ளி கேட்டருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, மொட்டெல்லாம் எங்க?"

"எந்த மொட்டு?"

"அந்த நுனியிலதாங்க இருந்துச்சு..." செடிப் பக்கம் போகாமல் நேரே உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

குப்பைப் பையை அவிழ்த்து, வெட்டிப்போட்ட கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் போட்டான். விடிந்ததும் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கோலா சிலாங்கூருக்குப் போனான். அங்கே நர்சரி வைத்திருந்த பாலன் ஒரு கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூத்து முடிஞ்ச கையோட வெட்டணும் லா அண்ணே. இப்ப வெட்டினா அந்த வருசத்துப் பூவே போச்சு."

"ஒட்ட வைக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

பாலன் சிரிக்கவில்லை. "செடி பொழைச்சுக்கும். இதுல நிறம் தெரியிற மொட்டு கொஞ்சம் இருக்கு. ஜாடியில வச்சுத் தினமும் தண்ணி மாத்துங்க. விரிஞ்சாலும் விரியும்."

அன்று முதல் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவதே சிவானந்தத்துக்கு வேலையாகிவிட்டது. தூரத்து லோரி ஓட்டம் ஒன்றையும் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தான். வள்ளி பார்த்தும் பாராதவள் போல் இருந்தாள். ஆனால் மூன்றாம் நாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது, ஜாடி வெயிலிலிருந்து நிழலுக்கு மாறியிருந்தது.

எட்டாம் நாள் ஒரு மொட்டு விரிந்தது. நல்ல இளஞ்சிவப்பு. மறுநாள் இன்னும் நான்கு. மற்றவையெல்லாம் கருகி உதிர்ந்தன.

வள்ளி ஜாடியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"அஞ்சு பூவுக்கு இந்தப் பாடா?"

"அடுத்த மாசியில நீ சொல்லு, அப்ப வெட்டுறேன்."

"ஐயோ, மாசியில வெட்டாதீங்க!" என்று பதறினாள். பதறிய வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

பூவுக்கு அந்தப் பக்கம் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. ஜாடியைச் சற்றே நகர்த்திவிட்டு, அவன் தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.