அக்கா வீட்டுக் காற்று

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று அடுப்புப் பக்கம் போன அக்காவின் கையிலிருந்த லைட்டரைத் தட்டிவிட்டேன். அது பறந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

என் தோளில் தொங்கிய மீட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

கடலோரச் சதுப்பிலிருந்து எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது என்று அளப்பது என் வேலை. உலகத்தைச் சூடாக்கும் வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. கடல் தண்ணீர் வந்துபோகிற வரைக்கும் அந்த உப்பு அதை அடக்கி வைத்திருந்தது. குறுக்கே ரோடு போட்டுக் கடலை மறித்தார்கள். ஊர்ச் சாக்கடையை உள்ளே திருப்பிவிட்டார்கள். உப்பு போனது, சேறு உலைப்பானை மாதிரி குமிழ்விட ஆரம்பித்தது. ஒரு ஓரமாக மண்ணைக் கொட்டி வீடுகளும் கட்டியாயிற்று. கொட்டிய கான்ட்ராக்டர் வேறு யாருமில்லை, என் அத்தான்தான்.

வேலைக்குக் கிளம்பும்முன் மீட்டரைச் சுத்தமான காற்றில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். தினமும் அவள் சமையலறை மேடையிலேயே அதைச் செய்துவந்தேன். வீட்டுக் காற்றைவிட எது சுத்தம்? சதுப்பில் அளவு குறைகிறதே என்று சந்தோஷப்பட்டு அறிக்கையும் எழுதினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அன்று பேட்டரி மாற்றியதால் ஆபீஸ் மொட்டைமாடியில் பூஜ்யம் வைத்தேன். சாயங்காலம் அணைக்க மறந்து அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டேன். இத்தனை நாளும் இந்த வீட்டில் இருந்த வாயுவையே பூஜ்யம் என்று வைத்திருக்கிறேன்.

குனிந்து மேடைக்கு அடியிலிருந்த விரிசலில் மீட்டரின் குழாயை வைத்தேன். சதுப்பின் மோசமான குழியில்கூட நான் அந்த எண்ணைப் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் அக்காவின் பாப்பா தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போ. ஸ்விட்ச் எதையும் தொடாத."

அத்தான் வந்தார். "என்ன கூத்து இது?"

"தரைக்கு அடியிலேர்ந்து வாயு வருது அத்தான். தீப்பொறி பட்டா வீடே போயிடும்."

"சிமென்ட் தரைம்மா. அதுக்கடியில என்ன இருக்கு?"

"நீங்க கொட்டின மண்ணு. அதுக்கடியில சதுப்பு."

அவர் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார்.

தெருவில் வந்து நின்றோம். அக்கா பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. அத்தான் வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் அதே மண்ணுதான்" என்றார். அடுத்த நொடி ஓட ஆரம்பித்தார். "வெளிய வாங்க! லைட்டப் போடாதீங்க!" என்று அலறிக்கொண்டு கதவு கதவாக இடித்தார். மூடிய கதவுகளுக்கு உள்ளே இடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

யார் இப்படி இடிக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு வீட்டிலும் விளக்கைப் போட ஆரம்பித்தார்கள்.